ஐந்து நாள் நல்ல தண்ணீர்

1986 செப்டெம்பர் 9, செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபது. வானில் ஒரு முகில் இல்லை. அனலைதீவில் சோழகக் காற்று பதினோராவது நாளாக வீசிக்கொண்டிருந்தது.

ஊர்காவற்றுறையிலிருந்து வள்ளத்தில் வரும் மருத்துவமாது என் மகளைக் கதிரையில் இருத்தி, அவளுடைய வீங்கிய காலில் தன் பெருவிரலை அழுத்தி எடுத்தாள். குழி விழுந்தது. அது மறைய நாற்பது செக்கன் சென்றதை மணிக்கூட்டில் பார்த்தேன். மகளுக்கு அன்று கர்ப்பத்தின் முப்பத்துமூன்றாவது கிழமை. பிரஷர் பார்க்கும் கருவியின் இறப்பர்க் குழாய் வெடித்து மூன்று மாதமாகியும் புதியது வரவில்லை. ஆகவே மருத்துவமாது சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் விட்டு விளக்கில் காய்ச்சினாள். அது வெள்ளையாகத் திரண்டது.

"மாஸ்டர், இது வலிப்பிலை கொண்டுபோய் விடும். இண்டைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போக வேணும். என்ரை வள்ளத்திலை இடமிருக்கு, காசும் வேண்டாம்."

"உது எங்கடை உவர்த்தண்ணி செய்யிற வேலை, பிள்ளை. சோழகத்திலை கால் வீங்காத ஆள் ஆர் இஞ்சை?"

"ஊர் முழுக்க அந்தத் தண்ணிதான் குடிக்குது. ஊர் முழுக்க மூத்திரம் முட்டை வெள்ளை மாதிரித் திரளுதோ?"

மகள் சிரித்தாள். "சொல்லாதேங்கோ அக்கா. அப்பா வீடு வீடாப் போய் எண்ணத் தொடங்கியிடுவார்."

நானும் சிரித்தேன். காலஞ்சென்ற என் மனைவிக்கும் ஒருமுறை அப்படி வீங்கி, நல்ல தண்ணீர் குடித்து வற்றியது. முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவன், அந்த ஒரு உதாரணத்தை வைத்து விதி எழுதினேன். கொந்தளிக்கும் கடலில் எட்டு மாதக்காரியை ஏற்றவும் பயம். வள்ளம் அவளில்லாமல் போனது.

அன்றே இரண்டு தண்ணீர்க் கான்கள் வாங்கினேன். தீவின் மறுகரையிலிருந்த நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குச் சைக்கிளில் நாளுக்கு இரண்டு நடை. மகளைப் படுக்கையைவிட்டு எழும்ப விடவில்லை. காலையும் மாலையும் அவள் கணுக்காலை நூலால் அளந்து தாளில் குறித்தேன். நாலாம் நாள் அரை அங்குலம் குறைந்தது. தண்ணீர் வென்றது என்று நினைத்தேன். படுத்தே கிடந்தால் கால் வீக்கம் இறங்கும் என்பது எனக்குத் தெரியாது.

ஞாயிறு காலை, "தலை வெடிக்குதப்பா. கண்ணுக்கு முன்னாலை மின்னுது" என்றாள். ஏழு நாற்பதுக்கு முதல் வலிப்பு. ஊர்காவற்றுறைத் துறையை அடையுமுன் இன்னும் மூன்று.

பெரியாஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார்: "வீக்கம் எப்ப கண்டனீங்கள்?" தாளை நீட்டினேன். பத்து அளவுகள், எல்லாம் சரியானவை. அவர் முழுவதையும் வாசித்தார். மடித்து என் சட்டைப்பையிலேயே வைத்துவிட்டார்.

பிள்ளை செத்துப் பிறந்தது. மகள் திங்கள் பகல் இரண்டு ஐந்துக்குப் போனாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வள்ளம் இருநூறு, துறையிலிருந்து வான் வண்டி இருநூற்றைம்பது. பெட்டி நானூற்று அறுபது. திரும்பும்போது வானும் வள்ளமும் அதே கூலி. கான்கள் அறுபது. எல்லாமாக ஆயிரத்து நானூற்று இருபது ரூபா.