தீக்காயப் பிரிவின் வாசல்

எம். புதுப்பட்டி பக்கம் பட்டாசு முதலாளிகள் சேர்ந்து கட்டவிருந்த மருத்துவமனைக்கு நான்தான் மதிப்பீடு போட்டேன். செலவு கைமீறியதால், குறைக்க வேண்டியவற்றைப் பட்டியலிட்டிருந்தேன். மூன்றாவது வரி: தீக்காயப் பிரிவின் வாசல், ஐந்தடிக்குப் பதில் மூன்றரை அடி.

கூட்டத்தில் முதலாளிகள் சங்கத் தலைவர் கையெழுத்திடப் பேனாவைத் திறந்தார். தொழிலாளர் சார்பில் வந்த போர்மேன் குறுக்கிட்டார்; எந்த அறையிலும் உட்காராமல் கதவை ஒட்டியே நிற்பவர். புருவமில்லாத முகம்.

“எம்மா, இதுல கட்டில் நுழையாதே?”

“ஸ்ட்ரெச்சர் நுழையும்” என்றேன்.

“அதுக்கு யாரு காத்திருப்பா? வெந்தவனை வாழையிலையில கிடத்தி, கட்டிலோட நாலு பேரு தூக்கிட்டு ஓடியாருவோம். வாசல்ல கட்டிலைச் சாய்ச்சா தோலு உரிஞ்சிரும்.”

“நீ எப்பய்யா இன்ஜினியர் ஆன? வேற எதைக் குறைக்க?” தலைவர் சீறினார்.

“முகப்பு கிரானைட்டைக் குறைங்க மொதலாளி. அங்கன யாரு உசுரும் போகாது.”

தலைவர் பேனாவை மூடிவிட்டு, பட்டியலை என் பக்கம் தள்ளினார். நான் மூன்றாவது வரியை அடித்தேன்.

“அஞ்சடியும் பத்தாதும்மா. அஞ்சரை வைங்க.”

மறுநாள் நான்கு கொத்தனார்களை இருபுறமும் நின்று கட்டில் தூக்கச் சொல்லி, மொத்த அகலத்தை அளந்தேன். சரியாக ஐந்தரை அடி. டேப் இல்லாமல் அதை அவர் எத்தனை பேரைத் தூக்கிக் கற்றார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.