லைனில் வைத்த கல்

பிளீச்சிங் பவுடர் வாடையும் டீசல் புகையும் கலந்து மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் கால்கள் பரபரக்கின்றன, குடத்தை எடுத்துக்கொண்டு ஓடு என்கின்றன. நான் வளர்ந்த காலடிப்பேட்டைத் தெருவில் தண்ணீர் லாரியின் வாடை அதுதான்.

"லைன்" என்ற ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையை வைத்துக்கொண்டு எங்கள் தெரு முழு வாழ்க்கையையும் ஓட்டியது. ஒட்டுச்சுவர் போட்ட ஏழு குடித்தனமும் "லைன் வூடு". ரயில் தண்டவாளமும் லைன்தான்; "லைனாண்ட போனே, காலை ஒட்ச்சிடுவேன்" என்று அம்மா தினமும் மிரட்டுவாள். ஹார்பரிலிருந்து கண்டெய்னர் ஏற்றிக்கொண்டு வெளியூர் போகும் அப்பா "லைனுக்கு"ப் போயிருப்பார், எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. வேலையில்லாமல் தெருவைச் சைக்கிளில் சுற்றுகிறவன் யாருக்கோ "லைன் வுட்டுகினு" இருப்பான். ஆனால் விடிகாலையில் யாராவது வெறுமனே "லைனு!" என்று கத்தினால் லாரி வந்துவிட்டது என்றுதான் பொருள்.

அந்த லைனில் ஆளே நிற்க வேண்டும் என்பதில்லை. ஒரு கல்லோ ஒற்றைச் செருப்போ வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகலாம். லாரி வந்ததும் பின்னால் நிற்பவர் கல்லுக்கு உரியவரைக் குரல் கொடுத்துக் கூப்பிட வேண்டும், அதுதான் சட்டம். "அத்த கல்லுன்னு நெனைக்காத, ஆளுன்னு நெனை" என்பார்கள் பெரியவர்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. அம்மா ராயபுரத்தில் இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஏழு மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். இரண்டு முறை பிந்திவிட்டாள், இன்னொரு முறை பிந்தினால் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அந்த வாரமே ஒரு நாள் லாரியும் பிந்தி வந்தது. எனக்கு முன்னால் இருந்தது சுசீலாக்காவின் பாதிச் செங்கல். அடுத்த வீட்டுக்காரி. அம்மா வேலை முடிந்து வரும்வரை எனக்குச் சோறு போட்டுத் தலை பின்னிவிடுகிறவள் அவள்தான். கூப்பிட்டால் நாலு குடத்தோடு வந்து நிற்பாள், அதற்குள் அம்மாவின் பஸ் போய்விடும். நிறைந்த குடத்தைத் தூக்க எனக்குப் பலம் கிடையாது, அம்மா வந்து தூக்கிப்போய் வைத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்ப முடியும். பின்னால் இருந்தவர்கள் வேறேதோ சண்டையில் இருந்தார்கள். செங்கலைக் காலால் சாக்கடைப் பக்கம் தள்ளிவிட்டு என் குடத்தை நகர்த்தி வைத்தேன்.

சுசீலாக்கா ஓடி வந்தபோது லாரி டியூபில் வெறும் காற்றுதான் வந்தது. அவள் மாமனார் இரண்டு நாளாக வயிற்றுப்போக்கில் கிடந்தார், கழுவிவிடக்கூட வீட்டில் தண்ணீர் இல்லை.

"எங்கல்லு எங்கடி? என்னைக் கூப்ட்டியா இல்லியா?"

"கூப்ட்டேன்க்கா. நீதான் வர்ல."

"இன்னாடி, இப்டிப் பொய் சொல்ற?"

டிபன் டப்பாவோடு வெளியே வந்த அம்மாவின் காதில் அது விழுந்துவிட்டது. "எம் பொண்ணு பொய் சொல்லாது! நீ தூங்கிகினு இருந்துட்டு கொழந்த மேல பழி போடுறியா?" என்று தெருவே கேட்கக் கத்தினாள். சுசீலாக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. "நீயாக்கா இப்டிப் பேசுற" என்றாள், அவ்வளவுதான். அம்மா பஸ்ஸுக்கு ஓடினாள். வேலை தப்பித்தது.

அதோடு இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. ஒட்டுச்சுவரின் அந்தப் பக்கம் சுசீலாக்கா சிரித்தால் அம்மா ரேடியோவைச் சத்தமாக வைப்பாள். அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அடுப்படிவரை போய்ப் போய்த் திரும்புவேன். பயம்தான், வேறொன்றுமில்லை. அடுத்த வருடமே அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு எண்ணூர் பக்கம் போய்விட்டார்கள்.

இப்போது அந்த லைன் வீடுகள் இல்லை, அந்த இடத்தில் நாலு மாடி எழும்பியிருக்கிறது. எங்கள் பிளாட்டில் குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது. அடுத்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. என்னோடு இருக்கும் அம்மா மட்டும் சாயங்காலமானால் "சுசீலா எங்க கீறாளோ" என்பாள். போன மாதம் எப்படியோ சுசீலாக்கா மகளின் நம்பர் கிடைத்தது. அம்மாவிடம் எழுதிக் கொடுத்தேன். கண்ணாடி போட்டு ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"நான் இன்னாத்துக்கு மொதல்ல பேசணும்? பொய் சொன்னது அவ. அவ பேசட்டும்." கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "இன்னாடி, நான் சொல்றது சரிதானே?" என்றாள்.

"சரிதாம்மா" என்றேன்.