கண்ணாடிக்கு வெளியே ஒரு கை

பேருந்து நிலையத்தில் எனக்கு அடுத்த கவுண்டரில் டிக்கெட் கொடுக்கும் அண்ணனுக்குக் கையெல்லாம் சோரியாசிஸ். கண்ணாடியின் கீழிருக்கும் துளை வழியாக அந்தக் கை வெளியே வந்தால் போதும், வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் வைத்தியராகிவிடுவார்கள்.

"கத்தாழையைத் தடவுங்க சார், பறந்துடும்."

"வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுப் பூசுப்பா. என் மச்சான் அப்படித்தான் தேறினான்."

அண்ணன் யார் பேச்சையும் தட்டமாட்டார். பச்சையும் மஞ்சளுமாகப் பூசிக்கொண்டுதான் வேலைக்கு வருவார். அவர் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டெல்லாம் மூலிகை வாசம் அடிக்கும். சொல்லிவிட்டுப் போனவர்கள் திரும்ப வந்து, "இப்ப எப்படிங்க இருக்கு?" என்று சொந்தக்காரர்கள் மாதிரி விசாரிப்பார்கள். என் கை பளபளவென்று இருக்கும். ஒரு ஈ காக்கைகூட என்னைச் சீந்தியதில்லை; சில்லறை இல்லையென்றால் மட்டும் திட்டு விழும்.

கடைசியில் அண்ணி பொறுமையிழந்து அவரைத் தோல் மருத்துவரிடம் இழுத்துப்போனார். களிம்பும் மாத்திரையுமாகச் சில மாதங்களில் கை சுத்தமானது. வரிசையில் பேச்சும் சுத்தமாக நின்றுபோனது. பணத்தைத் தள்ளினார்கள், டிக்கெட்டை எடுத்தார்கள், போனார்கள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

அடுத்த குளிர்காலத்தில் அண்ணனின் மணிக்கட்டில் சிவப்பாக ஏதோ எட்டிப்பார்த்தது.

"களிம்பு இருக்காண்ணே?" என்று கேட்டேன்.

"வீட்ல இருக்கு. உங்க அண்ணிகிட்ட சொல்லிடாத" என்றவர், சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, கையைத் துளைக்கு வெளியே நன்றாக நீட்டினார்.