காயாத மஞ்சள் கோடு

பொம்மை ரயில் பெட்டியில் கோடு நேராக வருவதற்காக ஒட்டிய டேப்பைப் பிரித்தேன். சர்ரென்ற அந்த ஓசை ஆரம்பாக்கத்து வீட்டுக்குக் கூட்டிப்போனது.

அப்போது எனக்கு ஏழு வயது. முழங்கால் புண்ணின் பிளாஸ்திரியை எடுக்க அம்மா வந்தாலே அலறுவேன். நைனா தகரத்தில் ரயில் செய்வார். கோட்டோரம் காகிதம் ஒட்டி பெயிண்ட் அடித்தால், காயும்வரை யாரையும் தொடவிடமாட்டார். அன்று மட்டும், ஈரம் மின்னும் பெட்டியோடு என் எதிரே உட்கார்ந்தார்.

"கோடு எப்டி வருது பாரு கண்ணு" என்று காகிதத்தை மெல்ல உரித்தார். கண்ணெடுக்காமல் பார்த்தேன்.

"ஆச்சு, எடுத்துட்டேன்" என்றாள் அம்மா, பிளாஸ்திரியைக் காட்டி.

மஞ்சள் கோடு ஈரத்தில் இழுபட்டிருந்தது. "இன்னா நைனா, கோணலா கீது?"

"ஓடுற ரயிலு, அப்டித்தான் தெரியும்."

இன்று காயும்வரை காத்திருந்தேன். என் கோடு நேராக வந்திருக்கிறது. அலமாரியில் நிற்கும் நைனாவின் ரயிலில் அந்த ஒரு பெட்டியின் கோடுதான் கோணல்.