கன்டெய்னரில் போன வீடு

வீடு விற்கிற தொழிலில் உள்ள சங்கடம், வாங்க வருகிறவர்கள் யாரும் வீட்டைப் பார்ப்பதில்லை. விரல் முட்டியை மடக்கித் தட்டிப் பார்க்கிறார்கள்.

மேஸ்திரிக்குப் பின்னால் அலைந்து வீடு கட்டியவர்கள், மணல் லாரி வரவில்லை என்று லீவு போட்டவர்கள், டைல்ஸ் கடையில் நின்று கணவரோடு சண்டை போட்டவர்கள் எல்லோரும் இதைப் படிக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். என் கஷ்டம் கொஞ்சம் வேறு. ஒரகடம் ரோட்டில், வல்லம் வடகாலில் இருக்கிற எங்கள் கம்பெனியில் சுவர், கூரை, ஜன்னல் எல்லாவற்றையும் ஷெட்டுக்குள்ளேயே செய்து, எண் போட்டு, கட்டி அனுப்புவோம். போய்ச் சேருகிற இடத்தில் அடித்தளத்தின் மேல் நிறுத்தி போல்ட் போட்டால் வீடு. இதற்கு 'கிட் வீடு' என்று பெயர். வாடிக்கையாளரிடம் பேசுவது என் வேலை. அதாவது, அவர்கள் தட்டும்போது பக்கத்தில் சிரித்த முகத்தோடு நிற்பது.

முத்தலா, இளசா

மணிமங்கலத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். மொட்டை மாடியில் ஒரு அறை போட்டு, கம்பெனி வேலைக்கு வருகிற பெண்களுக்கு வாடகைக்கு விட வேண்டும் என்பது அவர் திட்டம். மாதிரி வீட்டுச் சுவரை முதலில் விரலால் தட்டினார். பிறகு சாவியால் தட்டினார். பிறகு காதை வைத்துக்கொண்டு தட்டினார். இரண்டு பக்கமும் தகடு, நடுவில் வெப்பம் தாங்குகிற அடைப்பு, வெயில் உள்ளே இறங்காது, மாடிக்குப் பாரமும் இல்லை என்று நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கடைசியாக ஒரு தட்டு தட்டினார்.

"எல்லாம் சரிம்மா. தேங்கான்னா தட்னதும் முத்தலா எளசான்னு சொல்லிருவேன். இத்த தட்னா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குதே."

கல் வைக்காத மேஸ்திரி

அருளப்பன் சார் தட்டவில்லை. சட்டைப் பையிலிருந்து அளவுக் கருவியை எடுத்துத் தகட்டின் கனத்தை அளந்தார். ஸ்ரீபெரும்புதூர்க்காரர். கார் பாகம் செய்கிற தொழிற்சாலையில் சரக்கைச் சோதித்துப் பார்த்து 'ஓகே' முத்திரை போடுகிற வேலையிலேயே இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் மகள் ஷீலாவும் மருமகன் ஸ்டீபனும் நியூசிலாந்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தார்கள். ஸ்டீபனுக்கு அங்கே வெல்டர் வேலை. சொந்தமாக மனை வாங்கிவிட்டார்கள். குடியிருந்த வாடகை வீட்டை ஓனர் விற்கப் போவதால் மார்ச்சுக்குள் காலி செய்ய வேண்டும். ஷீலாவுக்குக் குழந்தை பிறக்கப் போவதும் மார்ச் கடைசியில். அந்த ஊர் மேஸ்திரியைக் கேட்டால் கை நிறைய வேலை, அடுத்த வருஷம் வாருங்கள் என்றுவிட்டார். இன்டர்நெட்டில் தேடிய ஸ்டீபனின் கண்ணில், தன் சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிற நாங்கள் பட்டுவிட்டோம்.

மாமனாருக்கு இதில் இஷ்டமில்லை. லேட் ஆனாலும் பரவாயில்லை, உள்ளூர் மேஸ்திரியை வைத்துக் கல்லும் சிமெண்டுமாகக் கட்டட்டும் என்றார். எங்கள் மீட்டிங் ரூமில் உட்கார்ந்து வீடியோ காலில் பேசினோம். ஸ்டீபன் போனைத் திருப்பி, எதிரே கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டைக் காட்டினார். தரையிலிருந்து கூரைவரை வெறும் மரச்சட்டம்.

"இதான் மாமா, அந்த மேஸ்திரி கட்ற வீடு. இங்க எல்லாருமே மரத்துலதான் கட்டுவாங்க. நிலநடுக்கம் வர்ற ஊரு."

அருளப்பன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். மரம் மரமாகத்தான் இருந்தது.

"ஒரு கல்லு வெக்காம கட்றவருக்கு இன்னாத்துக்கு மாப்ள மேஸ்திரின்னு பேரு?"

ஹெல்மெட் போட்ட ஃபாதர்

கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். வீட்டை முதலில் எங்கள் யார்டிலேயே முழுசாக நிறுத்திக் காட்ட வேண்டும். அவர் பார்த்து 'ஓகே' சொன்ன பிறகுதான் கப்பல். எங்களுக்கோ வெளிநாட்டுக்குப் போகிற முதல் வீடு அது. அதுவரை சைட் ஆபீஸும் செக்யூரிட்டி ரூமும்தான் செய்துகொண்டிருந்தோம். "நீங்க கொண்டு வந்த ஆர்டர், நீங்களே பாத்துக்குங்க" என்று முதலாளி என்னிடம் சொல்லியிருந்தார்.

வீடு பாதி எழும்பியிருந்த புதன்கிழமை ஷீலா போன் செய்தாள். அந்த ஊர் மேஸ்திரி கிரெக்குக்கு ஒரு வேலை கைவிட்டுப் போய்விட்டதாம். வருகிற ஜனவரியிலிருந்து சும்மாதான் இருப்பாராம். வேண்டுமானால் மரவீட்டை ஆரம்பித்துவிடுகிறேன், முடிகிறவரை என் வீட்டுப் பின்னால் இருக்கிற அறையில் தங்கிக்கொள்ளுங்கள், திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள் என்றாராம். நல்ல மனிதர். என் ஆர்டர்தான் போய்விடும்போல் இருந்தது. அருளப்பன் சாரும் தடுமாறினார். "அவரு கூப்ட்டா வந்து நிப்பாரும்மா. நீ எப்டி வந்து நிப்ப?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்க்க நாலு பேரோடு வருகிறேன் என்றவர் இரண்டு வேன் நிறைய வந்து இறங்கினார். இருபத்தேழு பேர். மகள் வீட்டுப் பால் காய்ச்சும் விசேஷத்துக்கு அத்தனை பேரும் விமானம் ஏற முடியாது, அதனால் இங்கேயே காய்ச்சிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார். அடுப்பு, பால், பிரியாணி அண்டா, வீட்டை மந்திரிக்க ஃபாதர் என்று எல்லாம் தயார். யார்டுக்குள் ஹெல்மெட் இல்லாமல் விட மாட்டேன் என்று சேஃப்டி ஆபீசர் மறித்தார். கடைசியில் இருபத்தேழு பேரும் மஞ்சள் ஹெல்மெட்டோடு வரிசையாக உள்ளே போனார்கள். ஃபாதரும் ஹெல்மெட்டோடு தீர்த்தம் தெளித்தார். பால் பொங்கவும் வானம் பிளந்துகொள்ளவும் சரியாக இருந்தது. ஐப்பசி மழை. எதிரே நிற்கிற ஃபோர்க்லிஃப்ட் தெரியவில்லை. ஸ்டாஃபும் வாட்ச்மேனும் ஓடி வந்து ஒதுங்க, இரண்டு பெட்ரூம் வீட்டுக்குள் முப்பத்தைந்து பேர்.

பிரியாணி நடந்தது. பாட்டு நடந்தது. அருளப்பன் சார் மட்டும் டார்ச் அடித்துக்கொண்டு மூலை மூலையாகத் தடவிப் பார்த்தார். நான் சமையலறையில் நின்று ஏதோ வேலை இருப்பதுபோல் பாவனை செய்தேன். திடீரென்று பாத்ரூமிலிருந்து அவர் குரல். "இங்க தண்ணி கீதே." ஓடினேன். சுவரோரம் ஒரு சொம்பளவு தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அவர் கூரையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், எல்லாம் காய்ந்திருந்தது. பின்னால் வந்த ஃபாதர் தொண்டையைக் கனைத்தார். தீர்த்தப் பாத்திரத்தை அங்கே வைத்தாராம், கால் தட்டிவிட்டதாம். அருளப்பன் சார் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பாத்ரூமில் நின்றபடியே மருமகனைக் கூப்பிட்டார். "ரெண்டு மணி நேரமா அடிக்குது மாப்ள. வூட்டுக்குள்ள ஒரு சொட்டு எறங்கல. வூடு இங்கேர்ந்து வரட்டும். அந்த மேஸ்திரிதான் சும்மா கீறாரே, அவரையே வுட்டு போல்ட் போட்டு நிறுத்திக்குங்க." நாலு நாளாக நாங்கள் நான்கு பேர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். இது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் ஃபோர்க்லிஃப்ட் வந்து கூரையைத் தூக்க ஆரம்பித்தது. அண்டாவை எடுக்க வந்திருந்த அருளப்பன் சாரின் அக்கா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று பார்த்தார்.

"பால் காச்சின மறுநாளே வூட்ட கழட்றத எங்க வம்சத்துலயே இப்பதான் பாக்கறோம்."

தனசேகரின் கையெழுத்து

எங்கள் பேக்கிங் சூப்பர்வைசர் தனசேகர் பொறுப்பானவர். அந்தப் பொறுப்புதான் வினையாயிற்று. கழற்றிய ஒவ்வொரு பேனலிலும் வரைபடத்தில் உள்ளபடி ஏ, பி, சி என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. யார்டில் பெய்த மழையில் பாதி ஸ்டிக்கர் உரிந்து தரையில் மிதந்தது. தனசேகர் யாரையும் தொந்தரவு செய்யாமல் மீதி ஸ்டிக்கரையும் உரித்தெடுத்துவிட்டு, அழியாத மார்க்கரால் எல்லாப் பேனலிலும் தானே எழுதினார். கன்டெய்னர் சீல் வைத்து, துறைமுகம் போய், கப்பலும் கிளம்பிய பிறகு, பேக்கிங் போட்டோக்களைப் பைலில் போடும்போதுதான் நான் பார்த்தேன். அ, ஆ, இ, ஈ.

அங்கே வீட்டைப் பூட்டி நிறுத்தப் போகிறவர் கிரெக். ஸ்டீபனுக்குப் பகலெல்லாம் வேலை. தனசேகரைக் கூப்பிட்டுப் போட்டோவைக் காட்டினேன். அவர் பெருமையோடு பார்த்தார்.

"இங்கிலீஷ்ல பி-யும் எட்டும் கொஞ்சம் அழிஞ்சா ஒரே மாதிரி தெரியுது மேடம். நம்ம எழுத்துன்னா யாருக்கும் கொழப்பமே வராது."

ஈ எங்கே

கப்பல் ஜனவரியில் போய்ச் சேர்ந்தது. நான் ஸ்டீபனிடம் விஷயத்தைச் சொல்லி, எந்தத் தமிழ் எழுத்து எந்த ஆங்கில எழுத்துக்கு என்று ஒரு அட்டவணையும் அனுப்பியிருந்தேன். ஆனாலும் அங்கே என்ன நடக்கிறதோ என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிரெக் கோபப்பட்டு, இதெல்லாம் எனக்கு வேண்டாம் என்று போய்விட்டால் மார்ச்சில் ஷீலா எங்கே போவாள்? நான் கொடுத்த வாக்கு என்ன ஆவது?

ஷீலா எட்டாம் மாத வயிற்றோடு மனையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கிரெக் பேனலைத் தூக்கிக் காட்டுவார், அவள் எழுத்தைப் படித்துச் சொல்லுவாள், அவர் நிறுத்துவார். முதல் நாள் இரண்டு சுவர்தான் எழும்பியதாம். ஆனால் அவர் கோபப்படவில்லை. எழுத்துக்கெல்லாம் பேர் வைத்துக்கொண்டார். 'அ' நத்தை. 'ஆ' வால் முளைத்த நத்தை. 'உ' வாத்து. மூன்றாம் நாள் ஷீலாவுக்கு டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. வரும்வரை வேலை நிற்கும் என்று நினைத்துக்கொண்டே போயிருக்கிறாள். திரும்பி வந்தால் ஹாலின் நாலு சுவரும் நின்றுகொண்டிருந்தன. உடனே எனக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினாள். பின்னால் கிரெக், இரண்டு ஆள் உயரம் இருப்பார், காதில் பென்சில், ஒவ்வொரு பேனலாக விரல் வைத்துக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்ததும் தலையசைத்துவிட்டு, சுத்தமான தமிழில் கேட்டார்.

"ஆ ஓகே. இ ஓகே. ஈ எங்க?"

ரிப்போர்ட்

மார்ச் இரண்டாம் வாரம் குடிபோனார்கள். கடைசி வாரம் பெண் குழந்தை பிறந்தது. அருளப்பன் சாரும் மனைவியும் மூன்று மாதம் போய் இருந்துவிட்டு வந்தார்கள். வந்த கையோடு ஆபீசுக்கு வந்தார், அந்த ஊர்த் தேன் ஒரு பாட்டில் கொண்டு வந்தார். ஒரு மணி நேரம் பேசினார். குளிர் உள்ளே வரவில்லை, கதவு இறுக்கிப் பிடிக்கவில்லை, சட்டங்கள் ஒரு மில்லி கூட விலகவில்லை, எல்லாவற்றையும் அளந்துவிட்டார். ஒரு நாள் நிலநடுக்கம் வந்ததாம். பேத்தி தொட்டிலில் தூங்கிக்கொண்டே இருந்தாளாம். கிரெக் ஞாயிறுதோறும் சாப்பிட வருகிறாராம், ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடிக்கிறாராம். என்னிடம் இதுவரை யாரும் இப்படி ஒரு நற்சான்று சொன்னதில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிறகு அவர் பையிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்து விரித்தார். மகள் குடும்பம் லீவுக்கு வந்தால் தங்குவதற்காக ஸ்ரீபெரும்புதூர் வீட்டு மாடியில் இரண்டு அறை போடப் போகிறாராம். நான் ஆர்டர் புத்தகத்தைக் கையில் எடுத்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"அது இல்லம்மா. படி எந்தப் பக்கம் வெச்சா நல்லாருக்கும்னு கேக்கத்தான் வந்தேன். மேஸ்திரி பக்கத்துத் தெருவுலயே கீறாரு, நாளைக்குக் கல்லு எறங்குது."

கிட் வீடா, மேஸ்திரி கட்டுகிற வீடா என்று என்னைக் கேட்பவர்கள் தைரியமாகக் கேட்கலாம். பதினோரு வருஷமாக வாடகை வீட்டில் இருக்கிற என்னைவிட நடுநிலையான ஆள் இந்த ஒரகடம் ரோட்டில் கிடைக்க மாட்டார்.