சொந்தக்காரர் இல்லாத கடற்கரை

அந்தக் கடற்கரையை நான் முதலில் பார்த்தது ஜெர்மனியில், நான் வேலை செய்யும் ஹம் நகரத்து முதியோர் இல்லத்தில், ஒரு முதியவருக்குச் சூப் பருக்கிக்கொண்டிருந்தபோது. அவருடைய அறைத் தொலைக்காட்சியில் பயண நிகழ்ச்சி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கறுப்பினப் பெண்கள் இருவர் கடலைப் பார்த்தபடி நின்று, ஆளுயர உலக்கையால் வாழைக்காய் இடித்தார்கள். அடுத்த காட்சியில் மாயா இனப் பெண் ஒருத்தி கல்லில் கொக்கோ அரைத்தாள். மத்திய அமெரிக்காவில் பெலீஸ் என்ற சின்ன நாட்டின் தெற்குக் கரையாம், சுற்றுலாக்காரர் அதிகம் எட்டிப்பார்க்காத இடமாம். என் கரண்டி அந்தரத்தில் நின்றுவிட்டது. வாயைத் திறந்தபடி காத்திருந்த முதியவர் பொறுமை இழந்து மேசையில் தட்டினார்.

அன்று வேலை முடிவதற்குள் முடிவெடுத்துவிட்டேன். யோசித்துச் செய்த காரியங்கள் என் வாழ்க்கையில் குறைவு.

முப்பது வருட ஜெர்மனி வாழ்க்கையில் விடுமுறை என்றால் லண்டன், பாரிஸ், டொரண்டோ. அதாவது கல்யாணவீடு, பெரியபிள்ளையானவளுக்குச் சாமத்தியவீடு, அறுபதாவது பிறந்தநாள். பாரிஸுக்கு ஏழெட்டுத் தடவை போயிருக்கிறேன். அந்த ஊர்க் கோபுரத்தை ரயில் ஜன்னலால்தான் பார்த்திருக்கிறேன். மற்ற நேரமெல்லாம் யாராவது ஒரு மச்சாளின் குசினியில் வெங்காயம் உரித்தேன். ஒரு தடவையாவது, ஒரேயொரு தடவையாவது, எங்களுக்கு ஒரு சொந்தக்காரரும் இல்லாத ஊருக்குப் போய்வர வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் நாடு எங்கே இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை.

"அங்கை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. அதாலைதான் போவம் எண்டுறன்."

எசனில் இருக்கும் என் தம்பியும் அதையே கேட்டான். தமிழ்க்கடை அக்காவும் அதையே கேட்டா. ஒருத்தரும் இல்லாத ஊரில் இறங்கி என்ன செய்யப்போகிறீர்கள் என்று அவர்கள் பார்த்த பார்வை, ஏதோ எங்களை நாடு கடத்துகிறார்கள் என்பதுபோல இருந்தது. ஒரு கிழமை, ஏழு நாளும், முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, கடைசியில் கணவர் இறங்கி வந்தார்.

"சரி, இந்த முறை உம்மடை ஆசைக்கு வாறன். ஆனா எனக்குப் பிடிக்காட்டி, இனி ஒவ்வொரு வருசமும் டொரண்டோவிலை அக்கா வீட்டைதான். பிறகு கதைக்கப்படாது."

"ஓம்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று யோசித்தேன். ஹோட்டல் தலையணை சரியில்லை என்று இரண்டு நாள் பேசுகிற மனிதர் இவர். இனி வாழ்நாள் விடுமுறை முழுவதும் இவருடைய ஒரு வார்த்தையில் தொங்குகிறது.

பெட்டி அடுக்கும்போது பார்த்தால், இவர் பல நாள் கெடாத பருத்தித்துறை வடை இரண்டு பொதியும் ஒரு கிலோ மிளகாய்த்தூளும் வைக்கிறார்.

"ஆருக்கு இது?"

"ஆராவது இருப்பினம். வெறுங்கையோடை போறதே?"

பிராங்பேர்ட்டில் ஏறி, மெக்சிகோவில் மாறி, கடைசியில் பன்னிரண்டு பேர் இருக்கும் சின்ன விமானத்தில் போனோம். விமானியின் முதுகுக்குப் பின்னால் எனக்கு இடம். கீழே ஒரு பக்கம் பச்சைக் காடு, மறுபக்கம் நீலக் கடல். சந்தோசத்தில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. திரும்பி இவரைப் பார்த்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கந்தசஷ்டி கவசம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் சந்தை. மலைப்பக்கத்துக் கிராமங்களிலிருந்து பழைய பஸ்களில் வந்த மாயாப் பெண்கள், பூப்போட்ட சட்டையோடு நிலத்தில் துணி விரித்து, கொக்கோக் காய்களும் மிளகாயும் குவித்து வைத்திருந்தார்கள். அதில் ஒருத்தி எனக்குக் கொக்கோ கரைத்துத் தந்தாள். சீனி இல்லை, பால் இல்லை, மிளகு மட்டும். தொண்டையால் இறங்கியபோது உடம்பெல்லாம் விழித்துக்கொண்டது. மூன்று கோப்பை குடித்தேன். கணவர் இதற்கிடையில் மரக்கறி விற்ற ஒரு பெண்ணின் முன்னால் நின்றார். பார்க்க எங்கள் ஆள்போலவே இருந்தாள்.

"நீங்கள் தமிழோ?"

அவள் சிரித்தாள். பாட்டனுக்குப் பாட்டன் இந்தியாவிலிருந்து கரும்பு வெட்ட வந்தவராம். எந்த ஊர், என்ன மொழி என்று வீட்டில் யாருக்கும் தெரியாதாம். இவர் முகம் வாடிப்போய் வந்தார். அன்று பின்னேரம் கடலில் குளித்தபோதும், அடுத்த நாள் காட்டாற்றில் படகில் போனபோதும், நான் சின்னப்பிள்ளைபோலக் கத்தினேன். இவர் "ம்" என்றார். எனக்கு டொரண்டோ அக்காவின் குசினி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

மூன்றாம் நாள், அந்தக் கரையில் வாழும் கரிஃபூனா என்ற கறுப்பினத்துப் பெண்மணி ஒருவர் வீட்டில் சாப்பாடு. எங்களைவிட நாலைந்து வயது மூத்தவர். வருகிறவர்களுக்குச் சமைத்துக் காட்டுவது அவர் தொழில். நான் தொலைக்காட்சியில் பார்த்த அதே உலக்கையை என் கையில் தந்தார். இடித்தேன், இடித்தேன், தோள் கழலும்வரை வாழைக்காய் இடித்தேன். மீனைத் தேங்காய்ப் பாலில் போட்டுக் கொதிக்க வைத்தார்.

"இது எங்கடை சொதியெல்லே" என்றார் கணவர்.

"சொதி பாக்கவே இவ்வளவு தூரம் வந்தனாங்கள்? பேசாமல் இருங்கோ."

பிறகு மரவள்ளி ரொட்டி. துருவிய கிழங்கை நீளமான பின்னல் பைக்குள் அடைத்து, தொங்கவிட்டு, இழுத்துப் பிழிந்தார். அந்தத் தண்ணீர் நஞ்சு என்றார். தங்கள் முன்னோரை வெள்ளைக்காரர் அவர்களுடைய சொந்தத் தீவிலிருந்து பிடித்துக் கப்பலேற்றித் துரத்தியபோது, அவர்கள் இந்தக் கிழங்கை உடுப்புக்குள் ஒளித்துக்கொண்டு இந்தக் கரையில் இறங்கினார்களாம். இங்கே அவர்களுக்கு ஒருவரையும் தெரியாதாம். அந்த இடத்தில் மட்டும் கணவர் நிமிர்ந்து பார்த்தார்.

ரொட்டி மொறுமொறு என்றிருந்தது. நான் நாலு துண்டு சாப்பிட்டேன். பிறகு அந்தப் பெண்மணி ஒரு கோப்பையில் சூடாக ஏதோ தந்தார். வாயருகே கொண்டுபோனேன்.

"குடியாதையும்!"

கணவர் கோப்பையைத் தட்டிவிட்டார். அது உருண்டு போய்ச் சுவரோடு நின்றது. வீடெல்லாம் இஞ்சி மணம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மரவள்ளி சாப்பிட்ட அன்று இஞ்சி வாயில் படக்கூடாது, பட்டால் ஆள் தப்பாது. யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டிலும் இதுதான் சட்டம். முப்பது வருடமாக நோயாளிகளைப் பார்க்கிற நானே, மரவள்ளி அவிக்கும் நாளில் இஞ்சியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுகிறவள்.

அந்தப் பெண்மணியின் முகம் இறுகிவிட்டது. தன் கையால் தந்ததைத் தட்டிவிட்ட மனிதரை அவர் வேறெப்படிப் பார்ப்பார்? நான் திக்கித் திணறி ஆங்கிலத்தில் விளக்கினேன். கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். நஞ்சு பிழிந்த தண்ணீரோடு போய்விட்டது, இஞ்சி பாவம் என்ன செய்தது, அறுபது வருடமாக இரண்டையும் சேர்த்துத்தான் சாப்பிடுகிறேன் என்றார். இன்னொரு கோப்பை ஊற்றி என் முன்னால் வைத்தார். குடிக்காவிட்டால் அவமரியாதை. குடித்தால், யாருக்குத் தெரியும்?

கணவர் அதைத் தன் பக்கம் இழுத்தார்.

"நீர் பொறும். முதல் நான் குடிக்கிறன்."

ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வாசல் படியில் போய் இருந்தார். நான் பக்கத்தில் இருந்து அவர் கையைப் பிடித்தேன். நாடி பார்க்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். முன்னால் கடல் பளபளவென்று கிடந்தது.

"உமக்கு ஒண்டு நடந்தால் இஞ்சை நான் ஆரைக் கூப்பிடுறது?" என்றார் மெதுவாக. "ஜெர்மனிக்கு வந்த புதுசிலை அகதி முகாமிலை காய்ச்சலோடை மூண்டு நாள் கிடந்தனான். தண்ணி தா எண்டு கேக்க ஒரு பாசை தெரியாது, ஒரு ஆள் தெரியாது. அண்டைக்கு நினைச்சனான், இனி ஆள் தெரியாத இடத்துக்குப் போறேல்லை எண்டு."

இத்தனை வருடமும் இவரைச் சொந்தக்காரப் பைத்தியம் என்று நக்கலடித்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

அரை மணித்தியாலம் போனது. ஒன்றும் நடக்கவில்லை. உள்ளேயிருந்து அந்தப் பெண்மணி எட்டிப் பார்த்து, உயிர் இருக்கிறதா என்று கேட்டார். இவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தப் பயணத்தில் முதல் சிரிப்பு. எழுந்துபோய்ப் பையைத் திறந்து, வடைப் பொதி இரண்டையும் மிளகாய்த்தூளையும் அவர் கையில் கொடுத்தார். அந்தப் பெண்மணி மறுபடி ஊற்றித் தந்த கோப்பையை நானும் குடித்தேன். அப்படியொரு இஞ்சித் தேநீரை அதற்கு முன் குடித்ததில்லை. மிச்சமிருந்த நாலு நாளும் மத்தியானச் சாப்பாடு அந்த வீட்டில்தான்.

ஹம்முக்கு வந்து இரண்டு மாதத்தில் டொரண்டோவிலிருந்து மச்சாள் போன் எடுத்தா. நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்திருந்ததால் எல்லாம் கேட்டது. வாற வருசம் இஞ்சைதானே என்றா. கத்தியை வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

"ஏலாது அக்கா. வாற வருசமும் அங்கைதான் போறம்."

"அங்கை ஆரடா இருக்கினம்?"

"ஏன், அங்கையும் எங்களுக்கு ஒரு அக்கா இருக்கிறா" என்றார். "மிளகாய்த்தூள் முடிஞ்சுதாம்."