இரைச்சல் இல்லாத பிக்கப்

எங்கள் வீட்டு ரேடியோவின் ப்ளக்கில் ஒரு பக்கம் சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது. என் நகப்பூச்சைத் தொட்டு என் கணவர் வைத்தது. பொட்டு மேலே வரும்படி செருக வேண்டும். தலைகீழாகச் செருகினாலும் ரேடியோ பாடும். ஆனால் பாட்டுக்கு அடியில் ஒரு வண்டு ஓயாமல் உறுமிக்கொண்டிருக்கும். அந்த உறுமலைத் தவிர்க்கத்தான் பொட்டு என்று நான் நினைத்திருந்தேன். அவருக்கும் அதற்கு மேல் தெரியாது. அவர் குமாஸ்தா, நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை.

அந்த ரேடியோதான் பிறகு என் மகளுக்கு ஆம்ப்ளிஃபையர் ஆயிற்று.

என் தம்பி கப்பலில் எலெக்ட்ரீஷியன். மகளுக்குப் பதினாறு வயதானபோது பினாங்கில் வாங்கிய பழைய எலெக்ட்ரிக் கிடார் ஒன்றைக் கொண்டுவந்தான். பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குடா இதெல்லாம் என்று கேட்டேன்.

"வீணைன்னு நினைச்சுக்கோக்கா. படுக்கப் போடாம நிமித்தி வாசிக்கப்போறா, பஸ், அவ்வளவுதான்."

ஆம்ப்ளிஃபையருக்கு வழியில்லை. கிராமபோன் இணைப்பதற்காக ரேடியோவின் முதுகில் இருந்த துளைகளுக்குப் பின்னால் அவனே ஒரு நீளமான ஒயரைப் பற்றவைத்தான். கிடாரின் ஒலி ரேடியோ வழியாக வந்தது. இந்தத் தீவில், டாலிகஞ்சில் எங்கள் குவார்ட்டர்ஸ் மரவீடு. சுவர் பலகை, தரையும் பலகை. பின்பக்கம் இரண்டு படி இறங்கினால் சமையற்கட்டு. அது மட்டும் சிமெண்ட். அடுப்பும் தண்ணீரும் புழங்குகிற இடம் என்பதால் அப்படிக் கட்டியிருந்தார்கள்.

கிடாரின் கம்பிகளுக்கு அடியில் பிக்கப் என்று ஒரு பட்டை இருக்கும். காந்தத்தைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக்கம்பி சுற்றியது. கம்பியின் அதிர்வைப் பிடித்து அனுப்புவது அதுதான். அவள் கிடாரில் இருந்தது ஒற்றைச் சுருள். கம்பி அதிர்வோடு வீட்டுக் கரண்டின் முனகலையும் சேர்த்துப் பிடிக்கும். பொட்டு சரியாக இருந்தால் முனகல், தவறாக இருந்தால் உறுமல். ஒரு வருஷம் அந்த உறுமல் கேட்டபோதெல்லாம் அவள் உள்ளேயிருந்து, "அம்மா, பொட்டு" என்பாள். நான் போய்த் திருப்பிச் செருகுவேன். வீட்டில் ஒரே சாக்கெட். இஸ்திரிப் பெட்டியும் அதில்தான் என்பதால் தவறுவதும் பெரும்பாலும் நானாகவே இருந்தேன். அதனால், செருகும்போது "பொட்டு மேலே" என்று சத்தமாகச் சொல்வது வீட்டில் வழக்கமாகியிருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் தம்பியின் கப்பல் வந்தது. சட்டைப்பையிலிருந்து துணியில் சுற்றிய இரண்டு பொருள்களை எடுத்து மேஜையில் வைத்தான். சின்ன சோப்புக்கட்டி அளவில், வெள்ளித் தகடு போர்த்திய பிக்கப்புகள். உடைந்துபோன இரண்டு கிடார்களிலிருந்து கழற்றியவை.

"ஹம்பக்கர்," என்றான். "உள்ள ரெண்டு சுருள் இருக்கு. ஒண்ணுக்கு ஒண்ணு எதிரா வச்சிருக்கும். ரெண்டும் பிடிக்கிற இரைச்சல் ஒண்ணோடொண்ணு மோதி காலி. பாட்டு மட்டும் மிஞ்சும்."

"நானும் உங்க அத்தானும் மாதிரியா?"

"உங்க வீட்ல இரைச்சல் மட்டுந்தானே மிஞ்சுது."

இரண்டில் ஒன்று அவளுக்கு. மற்றது அவனோடு கப்பலில் வேலைசெய்யும் ஒருவருக்கு. செவ்வாய்க்கிழமை கப்பல் கிளம்புவதற்குள் அவள் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எதைச் செய்தாலும் முறையாகச் செய்கிற பெண். ஒன்றை மேலேயும் மற்றதைக் கீழேயும் பொருத்தி மாற்றி மாற்றிக் கேட்கலாம் என்று தம்பி சொன்னதற்கு ஒப்பவில்லை. "இடம் மாறினா டோன் மாறும் மாமா. அது போங்கு." ஆகவே ஒரே இடத்தில் ஒன்றைக் கழற்றி மற்றதைப் பற்றவைக்க வேண்டும். கம்பிக்கும் பிக்கப்புக்கும் இடையே ஒரு பத்து பைசா நாணயம் நுழையும் அளவு இடைவெளி. ஒரே மெட்டு மூன்று முறை. ரேடியோவின் குமிழைத் தொடக்கூடாது. மாற்றுவதற்கு அரைமணி நேரம் ஆகும். அதற்குள் முதல் ஒலி காதிலிருந்து போய்விடும் என்பதால் அந்த அரைமணி வீட்டில் யாரும் பேசக்கூடாது.

சனிக்கிழமை முதல் பிக்கப்பைக் கேட்டோம். உருண்ட குரல். பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் பாடுவதைப் போல் இருந்தது. ஆனால் என்னை நிமிர்ந்து பார்க்கவைத்தது, அவள் வாசிப்பை நிறுத்திய இடம். முனகல் இல்லை. கூரைத் தகரத்தில் மழை விழுவது மட்டும் கேட்டது. ரேடியோ அணைந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். உள்ளே வால்வுகள் சிவந்துதான் இருந்தன.

மறுநாள் ஞாயிறு. முதலில் அதே பிக்கப்பை மறுபடி வாசித்துக் காதில் ஏற்றிக்கொண்டாள். பிறகு ரேடியோ ப்ளக்கைக் கழற்றிவிட்டுப் பற்றவைக்கும் கோலைச் செருகினான் தம்பி. மகள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலை முடிந்ததும் சாக்கெட் சும்மா இருப்பதைப் பார்த்து, திங்கட்கிழமைக்கான சேலையை இஸ்திரி போட்டுவிட்டேன். போட்டு முடித்து ரேடியோ ப்ளக்கை நானே செருகினேன். செருகும்போது பொட்டைச் சொல்ல வாயெடுத்தேன். பேசக்கூடாது என்று மகள் விரலை உதட்டில் வைத்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். சொல்லவேண்டியிருந்தால் பார்த்திருப்பேன். சொல்லவில்லை, அதனால் பார்க்கவில்லை.

உறுமல் வரவில்லை. வராததால் சரியாகச் செருகியிருக்கிறேன் என்று எடுத்துக்கொண்டு மீன் நறுக்கப் போய்விட்டேன்.

இரண்டாவது பிக்கப்புக்குக் கூர்மை அதிகம். தாளித்ததைக் கொட்டியதும் எழும் சத்தத்தைப் போல் ஒவ்வொரு அடியும் தெறித்தது. அவள் பலகைத் தரையில் நின்று நெடுநேரம் வாசித்தாள்.

"அம்மா, நேத்துதா இதா, எது நல்லாருக்கு?"

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

"காதை எங்க வச்சிருக்கே? இது வெட்டுது, அது தடவுது. தெரியலையா?"

"ரேடியோ பக்கத்துல நின்னுக்கிட்டா உனக்கு எல்லாம் தெரியும். இங்க வந்து கேட்டுப் பாரு. தூரத்துலேர்ந்து கேக்கிறவங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான்."

நான் சொன்னது இதுதான். வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

"டீக் ஹை, வந்து கேக்கிறேன்," என்றாள். ஒயர் நீளமானது. கிடாரை மாட்டியபடியே இரண்டு படி இறங்கி வந்தாள். நான் முதுகைக் காட்டிக்கொண்டு அரிவாள்மணையில் உட்கார்ந்திருந்தேன். மீன் கழுவிய தண்ணீர் தரையெல்லாம் ஓடிக்கிடந்தது. ஒரு முறை தட்டிய ஒலி கூடத்திலிருந்து வந்து பாதியில் நின்றது.

"என்ன, தெரியுதா?" என்றேன்.

பதில் இல்லை. காது கொடுத்துக் கேட்கிறாள் என்று நினைத்தேன். சூரை மீனில் இன்னும் ஒரு துண்டு போட்டேன். அந்த ஒரு துண்டு போடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அதற்குப் பிறகு பலமுறை நறுக்கிப் பார்த்திருக்கிறேன்.

திரும்பினேன். அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள். இடது கை கிடாரின் கழுத்தை இறுகப் பிடித்திருந்தது. வாய் திறந்திருந்தது, குரல் இல்லை. கண் என்னைப் பார்த்தது. முழங்கை மட்டும் நடுங்கியது. மீன் வழியும் ஈரக் கையோடு நான் எழுந்தேன்.

"தொடாதேக்கா." வெளியே போயிருந்து அப்போதுதான் வந்த தம்பியின் குரல், கூடத்திலிருந்து. நான் நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியாது. அவன் சுவரிலிருந்து ப்ளக்கைப் பிடுங்கினான். மகள் மடங்கி என்மேல் விழுந்தாள்.

மூச்சு இருந்தது. இடது கையின் நான்கு விரல்களிலும் கம்பி பதிந்த இடங்களில் வெள்ளையாகக் கோடுகள். கிடாரின் உலோகப் பட்டையில் ஊன்றியிருந்த வலது உள்ளங்கை வெந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள் பேசிய முதல் வார்த்தை தம்பியிடம்: "மாமா, உறுமலே வரலை."

கடையிலிருந்து குடையோடு வந்த என் கணவர் எல்லாவற்றையும் கேட்டார். தரையில் கிடந்த ப்ளக்கைப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கமாகச் செருகியிருந்தது என்று தம்பியிடம் கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான்.

"நான்தான் செருகினேன்," என்றேன். "பொட்டு பார்க்கலை."

அவர் உள்ளே போய்த் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். தம்பி அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு அவள் கையைப் பச்சைத் தண்ணீரில் முக்கினான். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் நெஞ்சில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டார். அவர் கேட்டு முடிக்கும்வரை நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதயம் ஒழுங்காக இருக்கிறது, கைக்கு மருந்து போட்டால் போதும் என்றார்.

திரும்பும் வழியில் தம்பி சொன்னான். அந்தப் பழைய செட் ஏசி, டிசி இரண்டிலும் ஓடுவது. ப்ளக்கைத் தலைகீழாகச் செருகினால் உள்ளே இருக்கும் இரும்புத் தட்டு முழுக்கக் கரண்ட் வந்து நிற்கும். தட்டிலிருந்து ஒயர் வழியாகக் கிடார் கம்பிக்கு வரும். ஒரு வருஷம் நான் தவறிச் செருகிய ஒவ்வொரு முறையும் அவள் விரலுக்கடியில் முழுக் கரண்ட் இருந்திருக்கிறது. பலகைத் தரை அதைக் கீழே இறங்கவிடவில்லை. பழைய பிக்கப் அதை உறுமலாகப் பிடித்துக் கூப்பிட்டுச் சொல்லியது; புதியதன் தகடும் இரட்டைச் சுருளும் அந்த உறுமலையும் தடுத்துவிட்டன. பலகை, உறுமல் இரண்டையும் இரண்டே நாளில் நாங்கள் எடுத்துவிட்டோம்.

"நடுவுல ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டிருக்கணும். எனக்குத் தெரியும். மரவீடுதானேன்னு விட்டுட்டேன். தப்பு என்னோடது."

"கிச்சன் மரமில்லையேடா."

"கிச்சன்ல யாருக்கா கிடார் வாசிப்பா?"

கூப்பிட்டது நான் என்று அவனுக்கு அப்போது தெரியாது.

அன்று மாலை மகள் இன்னொன்றும் சொன்னாள். மழை நாளில் சில சமயம் கம்பியில் எறும்பு கடிப்பதுபோல இருக்குமாம். ஏண்டி சொல்லவில்லை என்றேன். "சொன்னா கிடாரைப் பிடுங்கிடுவே." பிடுங்கியிருப்பேன். இப்போதும் பிடுங்கத்தான் நினைத்தேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"பழைய பிக்கப்பையே திரும்பப் போட்டுடு. உறுமுறது. அப்படின்னா வாசிச்சுக்கோ," என்றேன்.

"அதுல டோனே கிடையாதும்மா."

"எனக்கு டோன் வேண்டாம். சத்தம் வேணும்."

திங்கட்கிழமை முழுக்க என் தம்பியும் கணவரும் சேர்ந்து வேலை செய்தார்கள். தெரிந்த ஒர்க்‌ஷாப்பிலிருந்து ட்ரான்ஸ்ஃபார்மர் வந்தது. ப்ளக்கை எப்படிச் செருகினாலும் இனி ரேடியோவின் தட்டுக்குக் கரண்ட் நேராக வராது என்று தம்பி விளக்கினான். சாக்கெட் மூன்று துளையானது. வேலியோரம் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, இரும்புக் குழாயை இறக்கி, அதிலிருந்து ரேடியோவுக்கு எர்த் ஒயர் இழுத்தார்கள். எல்லாம் முடிந்தபின் வெறுங்காலோடு சமையற்கட்டின் ஈரத்தில் நின்று, சோதிக்கும் விளக்கின் ஒரு முனையைக் கிடார் கம்பியில் வைத்து, அது எரியாததை எனக்குக் காட்டினான். பிறகு கம்பியைத் தானே பிடித்தான். போதும் விடுடா என்று நான்தான் சொன்னேன்.

அவள் முதல் பிக்கப்பை எடுத்துக்கொண்டாள், தடவுகிறதை. கைக்கட்டு அவிழ இரண்டு வாரம் ஆயிற்று. சிவப்புப் பொட்டு வைத்த ப்ளக்கை வெட்டி எறிந்துவிட்டார்கள்.

குழியில் மண் காய்ந்தால் எர்த் பிடிக்காது என்று தம்பி போகும்போது சொல்லிவிட்டுப் போனான். தினமும் மாலையில் ஒரு வாளி ஊற்றுகிறேன். மழை கொட்டும் நாளிலும் ஊற்றுவதைப் பார்த்து என் கணவர், "கடல்லயும் ஒரு வாளி ஊத்திட்டு வா," என்கிறார்.

அவள் வாசிக்கும்போது எனக்குப் பயமில்லை. நிறுத்தும்போதுதான். ஒரு மெட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன்னால் வீடு அமைதியாகிவிடுகிறது. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, "இருக்கியாடி?" என்கிறேன். முதல் நாள்களில் சிரித்தாள், பிறகு எரிச்சல்பட்டாள், தோழிகள் முன்னால் கேட்டதற்கு ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தாள். இப்போது வாய் திறப்பதில்லை. நான் கேட்டதும் அடிக்கம்பியை ஒரே ஒரு தட்டு தட்டுகிறாள். அது அடங்கும்வரை கேட்டுவிட்டு, விட்ட வேலையை எடுக்கிறேன்.